ஒரு காது பாக்கி

சொந்தப் பேத்தியைப் பார்க்க வந்தவனை, கூரியர் வாங்க வந்தவன் மாதிரி நிற்க வைத்திருந்தான் ராகேஷ். கப்பன் பார்க்கில் குழந்தைகள் விளையாடும் பக்கத்து கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, கண்ணாடியில் தலைமுடியைச் சரி பண்ணி, அப்புறம்தான் முன்னால் நின்றிருந்த குழந்தையை இறக்கிவிட்டான். "பன்னெண்டு மணிக்கு இதே இடம், சார்" என்றான். சார்! என் மகனுக்கு மச்சான் அவன். கல்யாணத்தன்று மாமா மாமா என்று என் பின்னாலேயே சுற்றினவன். பெங்களூர் ரோட்டில் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். என்னை எவனெவனோ என்னென்னவோ கூப்பிட்டிருக்கிறான், ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டதையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்கள் மூடி வைத்துவிடுவார்கள். அதெல்லாம் எனக்கு உறைத்ததே இல்லை. இந்த 'சார்' உறைத்தது.

ஏற்பாடு இதுதான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, காலையில் இரண்டு மணி நேரம், பொது இடத்தில், குழந்தை மகாவை நானும் என் பெண்டாட்டி சந்திரம்மாவும் பார்க்கலாம். தாய்மாமன் ராகேஷ் கூட்டி வருவான், அவனே கூட்டிப் போவான். வீட்டுக்கு அழைத்துப் போகக் கூடாது, கண் மறைவாக எங்கும் போகக் கூடாது, தகப்பனுக்குப் போன் போட்டுக் கொடுக்கக் கூடாது. கோர்ட்டில் மீடியேஷன் என்று ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசி முடிவு பண்ணினது. நாங்கள் கையெழுத்துப் போட்டோம், மருமகள் வீணாவும் போட்டாள். மேஜைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவை கூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கேஸ் முடிகிறபோது இந்த இரண்டு மணி நேரம் கூடலாம், குறையலாம், இல்லாமலும் போகலாம் என்று எங்கள் வக்கீல் ஹரிஷ் வெளியே வந்து சொன்னார்.

எங்கள் மகன் நரேஷ் ஒரு தறுதலை. பெற்றவன் நான் சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழந்தை தட்டுத்தடுமாறி நடக்க ஆரம்பித்த சமயத்தில் வேலை என்று துபாய்க்குப் போனான். போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துக்கொண்டு, வீணாவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். தங்கையையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ராகேஷ் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து, அவன் அட்ரஸைக் கொடுங்கள் என்று கேட்டான். எங்களுக்கும் அப்போது தெரியாது. தெரிந்துகொண்டே மறைக்கிறோம் என்று அவன் நினைத்தான். பேச்சு ஏறியது, பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன. மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் சந்திரம்மா ஒரு வார்த்தை விட்டாள். "வீட்ல இருக்கறவ சரியா இருந்தா, ஆம்பள எதுக்குடா வெளிய போறான்?" அவ்வளவுதான். வீணா படியிறங்கினாள். குழந்தை அவள் தோளில் கிடந்தபடி எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனது. நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பார்த்தது அந்தக் கையைத்தான்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை. வீணாவுக்குத் தாய் தகப்பன் இல்லை, அண்ணன்தான் எல்லாம். மல்லேஸ்வரத்தில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறான். நான் போய் நின்றால் ஷட்டரை இழுத்துவிடுவான், வாடிக்கையாளர் உள்ளே இருந்தாலும் சரி. சந்திரம்மா வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் அழுவாள், பிறகு எழுந்து என்னோடு சண்டை போடுவாள், பிறகு சமைப்பாள். தெருவில் யாரோ, தாத்தா பாட்டிக்கும் கோர்ட்டில் கேட்க உரிமை இருக்கிறது என்று சொல்லப்போய்த்தான் ஹரிஷிடம் போனோம். கேஸ் போட்டோம். எதிர்க்கட்சி யார்? எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வந்த பெண். எழுதும்போதே எனக்குக் கை கூசியது, ஆனாலும் போட்டேன். வேறு வழி தெரியவில்லை.

அன்றைக்குப் பார்க்கில் மகா ஊஞ்சலில் ஏறவில்லை. நேராக சந்திரம்மாவிடம் போய்த் தலையைச் சாய்த்துக் காட்டினாள். இரண்டு காது மடலிலும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. "ஆயா, என் கம்மல் பாரு" என்றாள். க்ளாஸில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கம்மல் இருக்கிறதாம், இவளை மட்டும் ஒரு பையன் நீ ஆம்பளப் பையன்தானே என்கிறானாம், அதனால் அம்மாவின் பொட்டை எடுத்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வியர்வையில் ஒரு பொட்டு வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. சந்திரம்மா அதை எடுத்து, நாக்கில் தொட்டு, திரும்ப ஒட்டிவிட்டாள். அழகாக இருக்கிறது கண்ணு என்றாள். சொல்லும்போது அவள் கன்னம் துடிப்பதை நான் பார்த்தேன். நாற்பது வருஷமாகப் பார்க்கிற கன்னம், அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

குழந்தை சறுக்கு மரத்துக்கு ஓடியதும் ஆரம்பித்தாள். அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கண் இல்லையா, பெண் குழந்தையை இப்படி மூளிக் காதோடு அனுப்புகிறார்களே, அஞ்சு வயசு முடியப் போகிறதே, ஒற்றைப்படை வயசில்தானே காது குத்துவது, இது போனால் ஏழு வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டுமே என்று பொரிந்து தள்ளினாள். பிறகு என் கையைப் பிடித்து, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆட்டோ பிடித்தால் போய்க் குத்திக்கொண்டு பன்னிரண்டுக்குள் வந்துவிடலாம் என்றாள். உனக்குப் பைத்தியமா, கண் மறைவாகக் கூட்டிப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், போனால் அடுத்த ஞாயிறு நீயும் நானும் மட்டும்தான் இந்த ஊஞ்சலில் ஆட வேண்டும் என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. எழுந்துகூட விட்டாள். எழுந்தவள் அப்படியே நின்றாள்.

"மடி?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்தினதாகச் சரித்திரமே கிடையாது. நரேஷுக்குக் குத்தும்போது சந்திரம்மாவின் தம்பிக்கு மஞ்சள் காமாலை, எழுந்து உட்காரத் தெம்பில்லை. அப்போதும் சுவரில் சாய்த்து வைத்து, அவன் மடியில் ஒரு தலையணையைப் போட்டு, அதன்மேல் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்தினோம். மடி இல்லாமல் நடக்காது. இவளுடைய மடி கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு போன் நோண்டிக்கொண்டிருந்தது. சந்திரம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்தாள், பிறகு பன்னிரண்டு வரைக்கும் குழந்தையோடு மண்ணில் வீடு கட்டினாள்.

பஸ்ஸில் திரும்பினோம். ஆஸ்டின் டவுனில் இறங்கி, மீன் கடையைத் தாண்டும்போது சந்திரம்மா சொன்னாள். "அவங்க ஏன் குத்தலன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. அப்பன் வீட்டுக்காரங்கதானே தட்டு வெச்சு மாமன அழைக்கணும். நாம அழைக்கவே இல்லயே." நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒரு ஆக்டிவாக்காரன் ஹாரன் அடித்தான், வழக்கமாக நான் சும்மா விட மாட்டேன், அன்றைக்கு விட்டுவிட்டேன். கேஸ் போடத் தெரிந்தது. வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு எங்களுக்கு அந்த வீட்டில் உரிமையே போய்விட்டது என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். உரிமை போனது வேறு, முறை வேறு என்று தோன்றவில்லை.

முதலில் நான் ஹரிஷுக்குப் போன் போட்டேன், போட்டிருக்கக் கூடாது. நல்ல பையன், பதறிவிட்டார். "அங்கிள், தயவு செஞ்சு அவங்க வீட்டுக்குப் போகாதீங்க. கேஸ் பெண்டிங்ல இருக்கு. வந்து தொந்தரவு குடுக்கறாங்கன்னு அவங்க ஒரு கம்ப்ளெயின்ட் எழுதினா, இருக்கற ரெண்டு மணி நேரமும் போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சந்திரம்மாவும் கேட்டாள். மூன்று வருஷம் தவம் கிடந்து வாங்கின இரண்டு மணி நேரம். அதையும் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வந்தால், அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். சந்திரம்மா, அந்தத் தம்பி வக்கீல், அதற்குத் தட்டு வைப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதா என்று காலண்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மல்லேஸ்வரத்துக்குப் பஸ் ஏறினோம். டிரைவர் சின்னப் பையன், பிரேக்கை மிதிக்கிற மிதியில் சந்திரம்மாவின் மடியிலிருந்த பை இரண்டு தடவை நழுவப் பார்த்தது. இறங்கும்போது அவனிடம் நாலு வார்த்தை சொல்லலாம் என்றிருந்தேன், இறங்குகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். பையில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள் குங்குமம், மல்லிகைப்பூ, வீணாவுக்குப் புடவை, ராகேஷுக்கு வேட்டி சட்டை, குழந்தைக்குப் பட்டுப் பாவாடை. படிக்கட்டு வெளிப்பக்கமாக ஏறுகிற பழைய வீட்டின் மாடி. கீழே நின்றே சந்திரம்மா தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினாள். வெற்றிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கே சந்தேகம் வந்து, மாற்றி மாற்றி வைத்தாள். சந்தேகம் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏறு சந்திரா, போலீஸ் வந்தால் முதலில் என்னைத்தான் பிடிக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வீணாதான் கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை போலிருக்கிறது, காதில் ஹெட்போன். எங்களைப் பார்த்ததும் போனில் இருந்தவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுக் கழற்றினாள். இளைத்திருந்தாள். கதவை ஒரு கையால் பிடித்தபடியே நின்றாள். எனக்கு அந்தக் கை சாத்திவிடப் போகிறது என்றே தோன்றியது. சந்திரம்மா வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"வீணா, அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. என் புள்ள போனது அவன் புத்தி. உன் மேல ஒரு குறையும் இல்ல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் சொன்னேன். பாப்பாவுக்குக் காது குத்தணும், உங்க அண்ணன் வந்து மடி குடுக்கணும்னு அழைக்க வந்தோம். நீ குத்து, குத்தாத, எங்கள வேணாம்னு சொல்லு, அது உன் இஷ்டம். அந்த வார்த்தைய மட்டும் நான் திரும்ப எடுத்துக்கறேன்."

இவ்வளவு நீளமாகச் சந்திரம்மா மன்னிப்புக் கேட்டு நான் கேட்டதில்லை. என்னிடம் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை, அது வேறு கதை. வீணா ரொம்ப நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு, "உள்ள வாங்க. மாடிப்படில எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். நாங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தோம். தட்டை டீப்பாயில் வைத்தாள் சந்திரம்மா. அதை வீணா தொடவில்லை. எதிரே நின்றபடியே கேட்டாள். "அவரு உங்க கூட பேசறாரா?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சந்திரம்மா முந்திக்கொண்டாள். "பேசறான். போன வருஷத்திலேர்ந்து எப்பவாவது போன் பண்றான். நான் எடுக்கறேன். பெத்துட்டேன், எடுக்காம இருக்க முடியல. உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன்." முடிந்தது என்று நினைத்தேன். காலை நீட்டி அவள் பாதத்தை மிதித்தேன், லேட். வீணாவின் குரல் உயரவில்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"பாப்பா போட்டோ அனுப்பறீங்களா அவருக்கு?"

"இல்ல."

"கேட்டா அனுப்புவீங்களா?"

சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் கேட்டதே இல்லம்மா" என்றாள்.

வீணா சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் ஓடியது. என் மகனை நான் அன்றைக்குத்தான் முழுசாக வெறுத்தேன், வெறுத்துக்கொண்டே அவன் எங்கே சாப்பிட்டானோ என்றும் நினைத்தேன், என்ன செய்ய. வீணா திரும்பி வந்தபோது கையில் இரண்டு டம்ளர் காபி இருந்தது. முகம் கழுவியிருந்தாள். டம்ளரை நீட்டும்போது, உங்களுக்குச் சர்க்கரை இல்லாமல்தானே மாமா என்று கேட்டாள். அவள் எங்கள் வீட்டில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. மீடியேஷனில் ஹரிஷ் என் உடம்பைப் பற்றி ஏதோ சொன்னது, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள் காதில் விழுந்திருக்கிறது.

காபி பாதி குடித்திருப்போம், கீழே ஸ்கூட்டர் சத்தம். ராகேஷ் ஸ்கூலிலிருந்து மகாவைக் கூட்டி வந்தான். மகா "ஆயா! இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்து சந்திரம்மாவின் மேல் விழுந்தாள். அவன் வாசலிலேயே நின்றான். கேஸ் நடந்துகொண்டிருக்கிறது, யாரைக் கேட்டு வீட்டுக்கு வந்தீர்கள் சார், இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து டயல் பண்ணினான். அவன் வக்கீலுக்கு என்பது தெரிந்தது. காதில் வைத்தான். ரிங் போகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் எழுந்து நின்றேன், கை கூப்பலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. அப்போதுதான் அவன் கண் டீப்பாயில் போய் விழுந்தது. தட்டு, வெற்றிலை, மேலே மடித்து வைத்த வேட்டி சட்டை. வேட்டி சட்டை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை, எந்தத் தாய்மாமனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் யாரோ ஹலோ ஹலோ என்றார்கள். ராகேஷ் போனைக் கட் பண்ணினான்.

"கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு. கடையில கஸ்டமர் முன்னால கையெழுத்துப் போட்டு வாங்கினேன். இந்தத் தட்ட எடுத்துட்டு வர மூணு வருஷமா?" என்றான். எவ்வளவு நாளாக உள்ளே வைத்திருந்தானோ.

அவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் உள் அறைக்குப் போனான். பீரோ திறக்கிற சத்தம். ஒரு சின்ன நகைப்பெட்டியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். ஜிமிக்கி இல்லை, மொட்டு மாதிரி சின்னக் கம்மல், குழந்தை பிறந்த அன்றைக்கே வாங்கினதாம். மூன்றாவது வயசில் கூப்பிடுவீர்கள் என்று இருந்தோம், கூப்பிடவில்லை, நாங்களாகக் குத்தினால் அப்பன் வீட்டை அடியோடு வெட்டின மாதிரி ஆகும் என்று வீணாதான் வேண்டாமென்றாள் என்றான். வீணா அவனைப் பார்த்து, அண்ணா போதும் என்றாள். அடக் கடவுளே என்று எனக்கு இருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களுமாக, தாழ்ப்பாள் போட்டது நீ நீ என்று உட்கார்ந்திருந்திருக்கிறோம். மகா பெட்டியைத் திறந்து, கம்மலைக் காதில் வைத்துக்கொண்டு, டீவியின் கறுப்புக் கண்ணாடியில் முகம் பார்த்தாள்.

வீணா சில விஷயங்கள் சொன்னாள். குலதெய்வம் கோயில், மொட்டை, ஊர்க்கூட்டம் எதுவும் வேண்டாம், ஜனங்கள் வந்தால் அவர் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். காது குத்துகிற நகைப் பத்தரும் வேண்டாம், குழந்தையை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரே குத்துவார். கேஸ் கேஸாக நடக்கட்டும், நம்பிக்கை வந்தால் பார்த்துக்கொள்ளலாம், இப்போது எதுவும் கேட்காதீர்கள். டாக்டரா என்று சந்திரம்மா வாயைத் திறந்தாள். நான் மறுபடி பாதத்தை மிதித்தேன், இந்தத் தடவை நேரத்துக்கு. டாக்டரே குத்தட்டும்மா, மடி மட்டும் இருந்தால் போதும் என்றாள்.

எங்களுடைய ஞாயிற்றுக்கிழமையிலேயே வைத்துக்கொண்டோம். டாக்டர் நிருபமாவின் கிளினிக் அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அந்த அம்மாள் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, சளிக்கு, தடுப்பூசிக்கு என்று வந்திருந்த மற்றவர்களையும் பார்த்து, "இஷ்டு ஜன யாக்கே?" என்று கன்னடத்தில் கேட்டார். இத்தனை பேர் எதற்கு, ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் போதும், அம்மா மட்டும் உள்ளே வரட்டும் என்றார். அம்மா வராவிட்டாலும் பரவாயில்லை, மாமா வர வேண்டும் என்று சந்திரம்மா கன்னடத்திலேயே சண்டைக்குப் போனாள். மாமா சரி, நீங்கள் யார் என்றார் டாக்டர். சந்திரம்மா வீணாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என்ன உறவு என்று சொல்ல எங்களுக்கு அந்த நிமிஷம் தைரியம் வரவில்லை. "எங்க அத்தை மாமா. அவங்களும் வருவாங்க, டாக்டர்" என்றாள் வீணா. டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

ராகேஷ் புது வேட்டி சட்டையில் வந்திருந்தான். வேட்டி கட்டிப் பழக்கமில்லை, பெல்ட் போட்டு இறுக்கியிருந்தான். நாற்காலியில் அவன் உட்கார, அவன் மடியில் பட்டுப் பாவாடையோடு மகா உட்கார்ந்தாள். டாக்டர் இரண்டு மடலிலும் பேனாவால் நீலப் புள்ளி வைத்து, சரிசமமாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். அதுவரைக்கும் குழந்தை மகாராணி மாதிரி இருந்தாள். டாக்டர் கையில் காது குத்துகிற கருவியைப் பார்த்ததும் முகம் மாறியது. டாக்டர் தலையைப் பிடியுங்கள் என்றார். வீணா என்னால் முடியாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், திரும்பியவாறே கையை நீட்டி, "அத்தை, நீங்க பிடிங்க" என்றாள். சந்திரம்மா இரண்டு உள்ளங்கையாலும் அந்தத் தலையைப் பிடித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு முழுசாகக் கைக்குள் வந்த தலை. அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக் கை இல்லை. "மாமா, கால கொஞ்சம் பிடிங்க, ஒதைக்கறா" என்றான் ராகேஷ். நான் இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். இடது காது முடிந்தது. ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை, பிறகு மகா போட்ட சத்தத்தில் வெளியே தடுப்பூசிக்குக் காத்திருந்த குழந்தைகளும் சேர்ந்து அழுதன. என் கையிலிருந்து காலை உருவி, மாமன் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். வலது காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். சாக்லேட் என்றோம், வரவில்லை. ஐஸ்கிரீம் என்றான் ராகேஷ், வரவில்லை. நான் முட்டிபோட்டு மேஜைக்கு அடியில் தலையை விட்டு, பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார வைக்கிறேன் என்றேன், அது என்னால் முடியாது என்றாலும். அதற்கும் வரவில்லை. ஒரு காதோடு குழந்தையை எப்படி வெளியே கூட்டிப் போவது, ஊர் சிரிக்குமே என்று சந்திரம்மா தவித்தாள். டாக்டர்தான் சிரித்துக்கொண்டே, பலவந்தம் வேண்டாம், அந்தக் காது ஆறட்டும், அடுத்த மாதம் கூட்டி வாருங்கள், இன்னொன்றைப் பார்க்கலாம் என்றார். சொல்லிவிட்டு எங்கள் நாலு பேரையும் ஒரு தரம் பார்த்து, அப்போதும் இதே கூட்டமா என்று கேட்டார்.

ராகேஷ் அவிழப் போன வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நான் வீணாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். ஆமாம் டாக்டர் என்றாள் வீணா.

வெளியே வெயில் ஏறியிருந்தது. மணி என்ன என்று யாரும் கேட்கவில்லை, நான் கேட்கப் போவதில்லை. அழுகை விம்மலாகக் குறைந்திருந்தது மகாவுக்கு. இடது காதில் பொன்மொட்டு மினுங்கியது, வலது மடலில் டாக்டர் வைத்த நீலப் புள்ளி அப்படியே இருந்தது. வீணா கர்ச்சீப்பின் நுனியை நனைத்து அதைத் துடைக்கப் போனாள். மகா சட்டென்று விலகினாள்.

"அழிக்காத அம்மா. அப்பறம் டாக்டருக்கு எங்க குத்தணும்னு தெரியாது."

சொல்லிவிட்டு, கை படாமல் காற்றுப் படாமல் அந்தப் புள்ளியைக் குழித்த உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி மெள்ள நடந்தாள். பூக்கடைகளின் பக்கமாகப் போகிற நடைபாதையில் கூட்டம் இருந்தது. ராகேஷ் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் ஆட்களை விலக்கினான். நாங்கள் மூன்று பேரும் அவள் பின்னால், அவள் நடக்கிற வேகத்திலேயே நடந்தோம்.